கார் ஆறுதலாக வந்தது

என் அன்புப் பிள்ளைக்கு,

உன் சித்தப்பா டெக்சாஸிலிருந்து தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை, அங்கே மழையா வெயிலா என்றும் சொல்லவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "அண்ணை, பெறாமகள் நீதவான் எலெக்சனிலை நிக்கிறாளாம், எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கோபித்தார். அவர் இருக்கும் ஊரில் நீதிபதிக்கும் தேர்தல் உண்டாம். வீட்டு முன் புல்தரையில் பெயரெழுதிய பலகைகளை நட்டு வைப்பார்களாம். வாக்குச் சீட்டில் நீதிபதிகளின் பெயர்களே முழ நீளத்துக்கு இருக்குமாம். "ஒருத்தரையும் தெரியாது அண்ணை. ஆரின்ரை பின்னணி நல்லாயிருக்கோ அவருக்குப் போட்டிட்டு வாறதுதான்" என்றார். பின்னணி என்றால் என்னடா என்று கேட்டேன். "எங்கை பிறந்தவர், தேப்பன் என்ன வேலை செய்தவர், கோயிலுக்குப் போறவரோ, வீட்டிலை நாய் நிக்குதோ, அதுகள்தான்" என்றார். இங்கே வாக்கெடுப்பு இல்லை, மனுப் போட வேண்டும், மேல்நீதிமன்றத்தில் கூப்பிட்டு இருத்திக் கேள்வி கேட்பார்கள், பிடித்திருந்தால் எடுப்பார்கள், எடுத்தாலும் முதல் சில வருடங்கள் வேலையைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று நான் விளக்கினேன். அவருக்கு அது சப்பென்று போய்விட்டது. இருந்தாலும் விடவில்லை. "பரவாயில்லை, பிள்ளையின்ரை பின்னணியை ஒரு பக்கத்திலை எழுதி அனுப்புங்கோ, குடும்பக் குறூப்பிலை போடுவம்" என்றார்.

நானும் பேனாவை எடுத்துக்கொண்டு இருந்தேன். பிறந்த இடம் ஜேர்மனியின் கொலோன். தகப்பன் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாய் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இன்னும் வேலை. பான் நகரத்தில் சட்டம் படித்தாள், இரண்டு அரசுப் பரீட்சையும் பாஸ் பண்ணினாள், சட்டத்தரணியாக இருக்கிறாள், வீட்டில் நாய் இல்லை. அதோடு பேனா நின்றுவிட்டது. இந்தப் பின்னணியோடு இந்த நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பல் வைத்தியர் ஆகியிருக்கிறார்கள், கணினி வேலை செய்கிறார்கள், சிலபேர் கடை போட்டிருக்கிறார்கள். உன்னை மட்டும் அந்த நீதிபதிக் கதிரைப் பக்கம் இழுத்தது எது? நீ வாயால் வளர்ந்த பிள்ளை. எங்களுக்கு மொழி வருவதற்கு முன்பே உனக்கு வந்துவிட்டது. வைத்தியரிடம், வங்கியில், நகரசபையில் என்று எல்லா இடத்திலும் எங்கள் வாயாக நின்றது நீதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா பெருமைப்படுவாள். அப்படிப்பட்ட நீ, வாயை மூடிக்கொண்டு மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேலைக்கு ஏன் ஆசைப்பட்டாய்? எனக்கு இது உண்மையிலேயே புரியவில்லை. புரியாத ஒன்றைச் சும்மா விடுவது என் சுபாவமும் இல்லை.

இதைத் துருவிக்கொண்டிருக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். அதைத் தொடக்கிவைத்தது அம்மாவின் பகிடி. நம் தமிழ்க்கடைத் தவம் அண்ணை, வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே, "எங்கடை பிள்ளை கதிரையிலை ஏறினால் எங்கடை சனத்துக்கு இனி என்ன பயம்!" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாராம். அம்மா அதைச் சிரித்துச் சிரித்து உனக்குச் சொன்னாள். மறுமுனையில் நீ சிரிக்கவில்லை. பிறகு, "அப்பாட்டைக் குடுங்கோ" என்றாய். "அப்பா, நான் மனுவைத் திருப்பி எடுக்கப்போறன். வியாழக்கிழமை நேர்முகத்துக்குப் போகேல்லை" என்றாய். தெரிந்த ஆளின் வழக்கென்றால் அதை வேறு நீதிபதியிடம் கொடுத்துவிடலாம்தானே என்று நான் கேட்டேன். "அது எனக்குத் தெரியும், அப்பா. ஆனா தெரியாத தமிழாக்கள் வருவினமே? அவை தமிழிலை சொல்லுறது எனக்கு விளங்கும். மொழிபெயர்க்கிறவர் ஜேர்மனிலை சொல்லி முடிக்குமட்டும் நான் விளங்காத ஆள் மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு இருக்கோணும். அவை என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிப்பினம். எங்கடை பிள்ளை, ஒண்டும் சொல்லாமல் இருக்குது எண்டு நினைப்பினம். அப்பிடி நடிச்சுக்கொண்டு என்னாலை இருக்க ஏலாது" என்றாய். பிறகு கதைப்போம் என்று போனை வைத்தேன். கோபத்தால் இல்லை, யோசிக்க வேண்டியிருந்தது.

ஆகவே சித்தப்பாவுக்கு எழுதத் தொடங்கியது உனக்கான கடிதமாக மாறிவிட்டது. முதலில் நீ படி. நீ ஓம் என்றால் மட்டும் நம் சனத்துக்கும் படிக்கக் கொடுக்கிறேன், ஏனென்றால் கடைசியில் இதில் அவர்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. அதற்காகத்தான் உன் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை.

உன் பின்னணியைத் தேடிப் பார்த்தபோது முதலில் அகப்பட்டது உன் நாலாம் வகுப்பு ஆசிரியை. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் நாள் அது. நானும் அம்மாவும் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தோம். நடுவில் நீ. ஆசிரியை நீளமாகப் பேசினார். நீ எங்கள் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாய்: "டீச்சர் சொல்லுறா, நான் கெட்டிக்காரியாம். ஆனா மற்றப் பிள்ளையள் கதைக்கேக்கை கேக்கிறேல்லையாம். இடையிலை பூந்து நானே பதில் சொல்லுறனாம். அது சரியான கரைச்சலாம்." எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த நாட்டில் எந்தத் தமிழ்ப் பிள்ளை தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே தாய் தகப்பனுக்கு மொழிபெயர்க்கும்? என் நண்பர்களின் பிள்ளைகள் எல்லாரும் அந்த இடத்தில் "டீச்சர் வெரி குட் எண்டு சொல்லுறா" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்களின் தகப்பன்மார் சந்தோஷமாக வீடு திரும்பி, வருட முடிவில் புள்ளிகளைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். நீ ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஏன் பிள்ளை அதைச் சொன்னாய் என்று கேட்டேன். "அவ சொன்னதைத்தானே சொல்லோணும்" என்றாய், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல. நீதிபதிக்கான விதை இதுதானோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அது நல்ல மொழிபெயர்ப்பாளருக்கான விதை. அதோடு, இடையில் புகுந்து பதில் சொல்லும் குணம் நீதிபதிக்கு ஆகாது. எனவே இன்னும் தேடினேன்.

அப்போதுதான் அந்தக் கார் ஞாபகத்துக்கு வந்தது.

வேலை முடிந்து தொழிற்சாலைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றபோது, சந்தியில் ஒரு காரும் சைக்கிளும் மோதியதை நான் பார்த்துவிட்டேன். சைக்கிளில் வந்த முதியவருக்கு மணிக்கட்டு முறிந்தது. காரோட்டியவன் மீசை அரும்பிய ஒரு பெடியன், பயத்தில் விறைத்துப்போய் நின்றான். இருவரும் எனக்கு யாரோ. ஆனால் பொலிஸ் என் பெயரை எழுதிக்கொண்டு போனதால் பிறகு சாட்சி சொல்ல அழைப்பு வந்தது. அது இலையுதிர் கால விடுமுறை. அம்மாவுக்கு வேலை. உன்னை வீட்டில் தனியே விட மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். உனக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்ததால் அன்று உனக்கு வேலை இல்லை. அதுவே உனக்குப் பெரிய மனக்குறை. பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று இருந்தாய்.

மொழிபெயர்க்க வந்தவர் திருச்சிக்காரப் பெண். மரியாதையான மனுஷி. "வணக்கம்ங்க. நீங்க சொல்றத நான் அப்படியே சொல்லிடுவேன், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். நீதிபதி நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டிய பெண்மணி, கண்ணாடியைக் கயிற்றில் கழுத்தோடு தொங்கவிட்டிருந்தார். நான் அவசரப்பட்டுப் பேசத் தொடங்கியதைப் பார்த்து ஏதோ சொன்னார். "அவசரமில்ல, மெதுவா சொல்லுங்கன்னு சொல்றாங்க" என்றார் திருச்சி அம்மா. நீதிபதியின் கையில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி. யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்டு முடித்து, தன் வாயால் அதைச் சுருக்கி அந்தக் கருவிக்குள் சொல்வார். உன் கண் அந்தக் கருவியில்தான் இருந்தது என்று பிறகு சொன்னாய்.

வழக்கின் முடிச்சு ஒன்றே ஒன்று. கார் வேகமாக வந்ததா இல்லையா? நீதிபதி என்னைக் கேட்டார். நான் கண்டதைச் சொன்னேன். "கார் ஆறுதலாத்தான் வந்தது."

திருச்சி அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஜேர்மன் மொழியில் சொன்னார். நீதிபதியின் புருவம் மேலே போனது, கருவி கீழே வந்தது. காரோட்டிய பெடியனின் சட்டத்தரணி உதட்டைக் கடித்துக்கொண்டார். என்ன நடக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. திருச்சி அம்மா என்னிடம் திரும்பி, "ஆறுதலான்னா... யாருக்குங்க ஆறுதல்?" என்று கேட்டார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. யாருக்கோ நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்கிறார்களோ என்று, "ஒருத்தருக்கும் இல்லைப் பிள்ளை. கார்தான் ஆறுதலா வந்தது" என்றேன். அந்த மனுஷி என்னதான் செய்வார்? அவருடைய ஊரில் ஆறுதல் என்றால் இழவு வீட்டில் சொல்வது. மனதைத் தேற்றுகிற மாதிரி ஒரு கார் வந்தது என்று கொலோன் நீதிமன்றத்தில் பதிவாகப்போகும் நேரத்தில்தான் பின்வரிசையிலிருந்து உன் குரல் வெடித்தது. "லாங்சாம்! அப்பா லாங்சாம் எண்டு சொல்லுறார்!"

நம் ஊர் ஆறுதலுக்கு, அதாவது மெதுவாக என்பதற்கு, ஜேர்மன் சொல் அதுதான். பாண் தொழிற்சாலையில் நான் முதலில் படித்த சொற்களில் அதுவும் ஒன்று, ஆனால் அந்த நேரத்தில் அது என் தலைக்குள் இருந்தால்தானே! எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நான் ஒடுங்கிப்போனேன். அவர் ஏசவில்லை. உன்னிடம் ஏதோ தணிவாகச் சொன்னார். திருச்சி அம்மா அதையும் விடாமல் எனக்குச் சொன்னார்: "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அத நான் உங்க அப்பாகிட்டேருந்துதான் கேக்கணும்." பிறகு நீதிபதி என்னிடம், வேறு சொல்லில் சொல்லுங்கள், முடியாவிட்டால் செய்து காட்டுங்கள் என்றார். நான் எழுந்தேன். நீதிபதியின் மேசைக்கும் கதவுக்கும் இடையில், காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவனைப்போல நடந்து காட்டினேன். "இப்பிடித்தான் வந்தது" என்றேன். நீதிபதி கருவியை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னார். சாட்சி கூடத்தில் நடந்து காட்டுகிறார், மிக மெதுவாக நடக்கிறார், காரும் இப்படியே வந்தது என்கிறார். அதை எல்லாரும் கேட்கும்படி திரும்ப ஓடவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இது சரியா? நீங்கள் சொன்னது இதுதானா?"

பிள்ளை, அந்தக் கேள்வி என்னை என்ன செய்தது என்று அன்று உனக்குச் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பற்றிய எல்லாம் என் தலைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தன. நான் சொன்னதை வேறு யாரோ வேறு மொழியில் எழுதினார்கள், அவர்கள் காட்டிய இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். நீங்கள் சொன்னது இதுதானா என்று ஒருவர் நின்று நிதானித்துக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஓம் என்று ஒருதரம் போதாமல் இரண்டு தரம் சொன்னேன்.

வெளியே வந்ததும் திருச்சி அம்மா நம்மைத் தேடி வந்தார். "சாரிங்க. எங்க ஊர்ல அந்த வேர்டுக்கு மீனிங்கே வேற" என்று வாய்விட்டுச் சிரித்தார். யானைக்கும் அடி சறுக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நானும் சிரித்தேன். உன் கையைப் பிடித்துக் குலுக்கி, "தேங்க்ஸ்மா. ஆனா நெக்ஸ்ட் டைம் கையத் தூக்கிட்டுச் சொல்லு" என்றார். உனக்கு அவர்மேல் கோபமில்லை. நீதிபதி மேல்தான் கோபம். டிராமில் ஏறியதும் தொடங்கினாய்.

"நான் சொன்னது சரிதானே, அப்பா?"

"ஓம்."

"பிறகு ஏன் அவ திருப்பி உங்களைக் கேட்டவா?"

"அவவுக்கு உன்னைத் தெரியாதே."

"உங்களையும்தான் தெரியாது."

இறங்கும் தரிப்பு வரப்போகிறது, பையை எடு என்று கதையை மாற்றினேன். நீ விடவில்லை. அம்மா வேலையால் வந்ததும் அவளைக் கேட்டாய். "நீதவான் அப்பாவை ஆறுதலாச் சொல்லுங்கோ எண்டு சொன்னவா. ஆனா நான் சரியாச் சொன்னதை எடுக்கேல்லை" என்று முறையிட்டாய். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையைக் கேட்டாய். சரியான பதில் கிடைத்தபிறகும் ஒரு ஆள் ஏன் கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பது உனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த வழக்கில் யார் வென்றார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, சாட்சிக்கு அதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? உனக்கும் அதில் அக்கறை இருக்கவில்லை. உன் வழக்கு வேறாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டில் தலைவாரும் பிரஷ் ஒலிப்பதிவுக் கருவி ஆனது. நானும் அம்மாவும் பாரிஸ் கல்யாணத்துக்குப் போவதா விடுவதா என்று சண்டை பிடித்த அன்று, நீ பிரஷ்ஷை வாயருகே வைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாய். "அப்பா தெரிவிக்கிறார்: அம்மாவின்ரை ஆக்கள் எங்களை ஒருநாளும் மதிச்சதில்லை. சரியோ?" என்று என்னைக் கேட்டாய். நான் சொன்னதுதான். ஆனால் உன் வாயிலிருந்து அதைக் கேட்டபோது அது நான் நினைத்ததைவிட அசிங்கமாக இருந்தது. "ஒருநாளும் எண்டு சொல்லேல்லை" என்றேன். "சொன்னீங்கள். திருத்தட்டோ?" என்றாய். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள், சிரிக்கத்தான். "திருத்து" என்றேன். "சில நேரங்களில் மதிச்சதில்லை" என்று பிரஷ்ஷுக்குள் சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாய். கடைசியில் கல்யாணத்துக்குப் போனோம், நல்ல சாப்பாடு. அந்தப் பிரஷ்ஷுக்குப் பயந்து நாங்கள் இருவரும் எத்தனையோ சண்டைகளைப் பாதியில் விட்டிருக்கிறோம். நாலாம் வகுப்பில் இடையில் பூந்து பதில் சொன்ன பிள்ளை, இப்போது கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சரியோ என்று விசாரிக்கிற பிள்ளையாகிவிட்டதை நாங்கள் அன்று கவனிக்கவில்லை. விளையாட்டென்று நினைத்தோம்.

பிறகு நீ வளர்ந்தாய். நான் மருத்துவம் என்றேன், நீ சட்டம் என்றாய். கறுப்பு அங்கியோடு முதல் நாள் நீதிமன்றம் போன உன்னை வாசல் காவலர், மொழிபெயர்ப்பாளர் பக்கத்து அறை என்று அனுப்பப் பார்த்ததை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். இன்னொரு தரமும் அப்படி நடந்தது என்று சொன்னபோது சிரிக்கவில்லை. எனக்கு அது வலித்தது. ஆனால் இப்போது உட்கார்ந்து யோசித்தால், அந்தக் காவலருக்கு உன் முழுப் பின்னணியும் தெரியாது, எங்களுக்காக மொழிபெயர்த்த பாதிதான் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் எழுதியபிறகும் உன் ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. விளங்கியும் விளங்காததுபோல இருப்பது நடிப்புத்தானே? அதனால் நேற்றுக் காலை ஒரு காரியம் செய்தேன். அம்மாவிடம் மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டிராம் ஏறி நீதிமன்றத்துக்குப் போனேன். வாசலில் பெல்ட்டைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். சாட்சியா என்று காவலர் கேட்டார். இல்லை என்றேன். வழக்கு உங்களுடையதா? அதுவும் இல்லை. "பார்க்க வந்தேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். யாரும் வந்து பார்க்கலாம், கதவு திறந்துதான் இருக்கும் என்று வழி காட்டினார். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

நான் நுழைந்த அறையில் நீதிபதி உன்னைவிட இளையவளாக இருந்தாள். தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கு ஒரு ஏணி பற்றியது. பக்கத்து வீட்டுக்காரரின் கார்மேல் ஏணி விழுந்துவிட்டது. பிரதிவாதி வயதானவர், ஸ்டுட்கார்ட் பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது. அந்த ஏணியை நான் இப்படிச் செய்தேன் என்று அவர் ஒரு சொல் சொன்னார். உடனே எதிர்ப்பக்கத்தவர், பார்த்தீர்களா, தூக்கினதாக அவரே ஒத்துக்கொள்கிறார் என்று துள்ளினார். எனக்கும் அந்தச் சொல் தூக்கினேன் என்றுதான் கேட்டது. தொழிற்சாலையில் பாண் பெட்டி தூக்குவதற்கு அந்தச் சொல்லைத்தானே சொல்வோம்! முதியவர் திகைத்துப்போய் நின்றார், நான் அன்று நின்றதுபோலவே. நீதிபதி கைக்குட்டையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நானும் ஸ்டுட்கார்ட் பக்கம்தான். எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. அவருக்கும் விளங்கும்படி இன்னொரு சொல்லில் சொல்லுங்கள்." முதியவர் இரண்டு கையையும் நீட்டி ஒன்றை இறுகப் பிடிப்பதுபோலக் காட்டினார். அவர்கள் ஊரில் தூக்குவதல்ல, பிடிப்பதுதான் அந்தச் சொல்லாம். விழாமல் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். நீதிபதி கருவிக்குள் சொன்னாள், திரும்ப ஓடவிட்டாள், சரியா என்று கேட்டாள். துள்ளியவரும் கதிரையில் சாய்ந்துகொண்டார். அவரும் தன் காதால் கேட்டுவிட்டாரே.

நான் அந்தப் பின்வரிசையில் இருந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டேன். டிராமில் நீ கேட்ட கேள்விக்கு இவ்வளவு காலம் கழித்துப் பதில் கிடைத்தது. நரைத்த தலை நீதிபதி அன்று என்னைத் திருப்பிக் கேட்டது உன்னை நம்பாததால் இல்லை. சைக்கிள்காரரும், அவருடைய சட்டத்தரணியும், திருச்சி அம்மாவும், அந்தப் பெடியனும், எல்லாரும் ஒரே நேரத்தில் அதை என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டிருக்கிறார். ஒருவேளை நீ கத்தியவுடனே அவருக்கு விளங்கியும் இருக்கலாம். அப்படியானால் பிள்ளை, உனக்கு விளங்குவதை நீ எங்கே ஒளிக்க வேண்டும்? எனக்கு விளங்கியது, எதிரில் இருப்பவருக்கு விளங்கவில்லை, இன்னொருதரம் சொல்லுங்கள் என்று கேள். அந்த ஸ்டுட்கார்ட் பிள்ளை அப்படித்தான் கேட்டாள். அவள் முகத்தில் நடிப்பு ஒன்றையும் நான் காணவில்லை, தடிமனைத்தான் கண்டேன்.

திரும்பும் வழியில் தவம் அண்ணையின் கடைக்கும் போனேன், மீன் வாங்காமல் வீட்டுக்குப் போக ஏலாதே. பிள்ளை கதிரையில் ஏறினாலும் நம் சனத்துக்கென்று தனியாக ஒன்றும் செய்யமாட்டாள் அண்ணை என்றேன். "அப்ப எங்களுக்கு என்ன லாபம்?" என்றார். "நாங்கள் சொன்னது விளங்கேல்லையெண்டால் திருப்பிக் கேப்பாள்" என்றேன். "அவ்வளவும்தானோ?" என்றார். "எதிர்ப்பக்கத்தையும் அப்பிடித்தான் கேப்பாள்" என்றேன். அண்ணை மீனைச் சுற்றிக்கொண்டே, "அப்ப பேசாமல் அப்புக்காத்தாவே இருக்கச் சொல்லும்" என்றார். அப்புக்காத்து என்றால் நம் பழைய ஆட்களின் வாயில் சட்டத்தரணி. அவரை என்னால் மாற்ற முடியவில்லை. நம் சனத்தில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள், அது உனக்கும் தெரியும். அவர்களில் சிலர் என்னோடு கதைக்காமலும் போகலாம். போனால் போகட்டும், மீன் வாங்க வேறு கடை இருக்கிறது.

வியாழக்கிழமை போவதும் விடுவதும் உன் முடிவு. ஒரு சட்டத்தரணியாகவே நீ இருந்தாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. போனால், உங்கள் பின்னணி என்ன என்று அங்கே நிச்சயம் கேட்பார்கள். பாண் தொழிற்சாலையைச் சொல், முதியோர் இல்லத்துச் சமையலறையைச் சொல், வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. நேரமிருந்தால் அந்தக் காரைப் பற்றியும் சொல். சித்தப்பாவுக்கு நான் அதைத்தான் எழுதி அனுப்பப்போகிறேன். அவருடைய ஊர்ப் பலகையில் அது அடங்குமோ தெரியாது.

ஒருவேளை நீ போய், அவர்கள் உன்னை எடுத்து, நீ ஏதோ ஒரு ஊர் நீதிமன்றத்தில் அந்தக் கதிரையில் இருப்பாயானால், ஒருநாள் நான் சொல்லாமல் வருவேன். கதவு திறந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். பின்வரிசையில் இருப்பேன், நீ என்னைப் பார்க்கத் தேவையில்லை. நம் ஊர் மனிதர் ஒருவர் சாட்சிக்கு வந்து நிற்பார். ஏதாவது ஒரு சொல்லைச் சொல்வார், மொழிபெயர்ப்பவர் தடுமாறுவார். எனக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும், நாக்கு நுனிவரை வரும். பிள்ளை, நான் வாய் திறக்கமாட்டேன். நீ கேட்பாய்.

ஆறுதலாப் போயிட்டு வா.

அப்பா